இரட்டை அடியும் பாதுகாப்புக் குழுவும்

தகட்டை அடித்து வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரத்தில், தகட்டை டை என்ற அச்சின் மேல் வைத்து பட்டனை அழுத்தினால், மேலிருந்து அடிக்கும் பாகமான ராம் ஒரு முறை இறங்கி, ஏறி, மேலேயே நிற்க வேண்டும். கிளட்ச்சோ பிரேக்கோ தேய்ந்துபோனால் எப்போதாவது ஒரு அழுத்தத்துக்கு இரண்டு முறை இறங்கும். 'மெஷின் டபுள் அடிக்குது' என்பார்கள். முதல் அடி முடிந்துவிட்டது என்று அடித்த துண்டை எடுக்க ஆபரேட்டர் கையை உள்ளே விடும் நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தால் விரல் போய்விடும். வாகன உதிரிபாகத் தொழிலில் காயம்பட்டவர்களிடம் பேசி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில், விரல் இழப்புக்குப் பெரிய காரணமாகத் திரும்பத் திரும்ப வருவது இந்த பவர் பிரஸ்தான்.

இரட்டை அடி அடிக்கும் மெஷின் எது என்று யாருக்கு முதலில் தெரியும்? அதில் நிற்பவருக்கு. அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் அவர் சொல்லிவிட்டுப் போவார். அவரும் ஜாக்கிரதையாக ஓட்டுவார். சூப்பர்வைசர் காதிலும் விழுந்திருக்கும், "இந்த லாட் போகட்டும், பார்க்கலாம்" என்றிருப்பார். பராமரிப்புப் பதிவேட்டில் மட்டும் எதுவும் இருக்காது. விபத்து நடந்தபின் வரும் விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கும்.

அதே பிரஸ்ஸில் இரண்டு கைக்கும் இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும், ஆகவே கை உள்ளே இருக்க வாய்ப்பில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை டேப் ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது பல பட்டறைகளில் வழக்கம். மேனேஜர் கண்ணுக்கு இது ஒழுங்கீனம். ஒரு மெமோ, இன்னொரு பயிற்சி வகுப்பு. ஏன் டேப் ஒட்டினாய் என்று நிஜமாகவே கேட்டால் வேறு வேறு பதில்கள் வரும். மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு இரண்டு கையால் எட்டாது. பட்டன் உயரத்தில் இருப்பதால் மதியத்துக்குள் தோள் கழன்றுவிடுகிறது. துண்டு டையில் ஒட்டிக்கொள்வதால் ஒரு கையால் பிடித்தே ஆகவேண்டும். முதல் பதிலுக்கு இலக்கைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குப் பட்டனை இறக்கி வைக்க வேண்டும், மூன்றாவதற்குத் துண்டைத் தானாகத் தள்ளிவிடும் அமைப்போ காந்த இடுக்கியோ வேண்டும். மூன்றில் எதற்கும் பயிற்சி வகுப்பு மருந்து இல்லை.

பணியிடப் பாதுகாப்பில் தொழிலாளர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான். உத்தரவு போடுவது அல்ல, போர்டு மாட்டுவது அல்ல, காலையில் வரிசையில் நிற்கவைத்து உறுதிமொழி வாசிப்பதும் அல்ல. புது மெஷின் வாங்கும் முன்பு, ரசாயனத்தை மாற்றும் முன்பு, ஷிப்ட் நேரத்தை மாற்றும் முன்பு, அந்த வேலையைச் செய்பவர்களிடம் விவரத்தைக் கொடுத்து, யோசிக்க நேரம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஏற்காவிட்டால் ஏன் என்று பதில் சொல்வது. முடிவு எடுப்பது முதலாளிதான், பெரும்பாலான நாட்டுச் சட்டங்களில் அது பெரிதாக மாறவில்லை. அப்படியிருந்தும் நம் ஊரில் 'கலந்தாலோசனை' என்றதும் யூனியன் உள்ளே வந்துவிடும் என்று ஒரு பதற்றம் கிளம்புகிறது.

இந்தியாவில் இது சட்டத்துக்குள் வந்த கதை போபாலிலிருந்து தொடங்குகிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவுக்கு முன்பே யூனியன் கார்பைடு ஆலையில் வேலை செய்தவர்களுக்குக் கண் எரிந்தது. மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனத்தின் கசிவைக் கண்டுபிடிக்க அங்கே நடைமுறையில் இருந்த கருவியே கண்தான். எரிந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1981 டிசம்பரில், பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்திருந்தார். அதற்குப் பிறகு ஆலையின் தொழிற்சங்கத்தினர் ஆபத்து இருக்கிறது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982-லிருந்து எழுதினார். இதற்கிடையே நஷ்டத்தைக் காட்டி ஆட்களைக் குறைத்தார்கள். மெத்தில் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர் பார்த்த வேலையை ஆறு பேர் பார்த்தார்கள். அந்த ரசாயனத் தொட்டியைக் குளிர வைக்கும் கருவியை நிறுத்திவைத்திருந்தார்கள். இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஓட்டியவர்களில் பலர் இந்தி மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள். இவை ஒவ்வொன்றும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதைச் சொன்னால் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் யாருக்கும் இல்லை.

1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். 41பி பிரிவு: என்ன ஆபத்து இருக்கிறது என்பதைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்ல வேண்டும். 41ஜி: நிர்வாகத்தின் பக்கம் எத்தனை பேரோ தொழிலாளர் பக்கமும் அத்தனை பேர் கொண்ட பாதுகாப்புக் குழு. 41ஹெச்: உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாகத் தோன்றினால் தொழிலாளர்கள் நிர்வாகத்திடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம், நிர்வாகம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பியே ஆகவேண்டும். 111ஏ பிரிவு எல்லாத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் தகவல் பெறும் உரிமை, பயிற்சி பெறும் உரிமை, ஆய்வாளரிடம் நேரே முறையிடும் உரிமை ஆகியவற்றைக் கொடுத்தது.

காகிதத்தில் பார்த்தால் அன்றைய காலத்துக்கு நல்ல சட்டம். ஆனால் தண்டனைப் பிரிவைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். 96ஏ பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று கடுமையாகப் பேசியது. அந்தத் தண்டனை 41பி, 41சி (அபாயகரமான செயல்முறைகளில் முதலாளியின் குறிப்பான பொறுப்புகள்), 41ஹெச் ஆகிய மூன்றில் எதையாவது மீறுபவர்களுக்கு மட்டும். குழு அமைக்கச் சொல்லும் 41ஜி அந்தப் பட்டியலில் இல்லை. தகவலை மறைத்தால் பெரிய குற்றம்; தொழிலாளியை உட்காரவைத்துப் பேசாமல் இருந்தால் சாதாரணக் குற்றம். சட்டம் எழுதியவர்கள் எதை முக்கியம் என்று நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்று, 41ஹெச் கொடுத்தது சொல்லும் உரிமையை மட்டும்தான், விலகி நிற்கும் உரிமையை அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-வது உடன்படிக்கை, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகி நிற்பவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் இந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. ஸ்வீடனில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்து நீங்கும்வரை வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையே தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். சரியா தவறா என்று அரசு ஆய்வாளர் வந்து முடிவு சொல்வார்.

இப்போது தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-வது பிரிவு பாதுகாப்புக் குழுவைப் பற்றியது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளைவிடக் குறையக் கூடாது என்கிறது, நல்லது. ஆனால் எந்தெந்த நிறுவனம் குழு வைக்க வேண்டும் என்பதை அரசு உத்தரவு போட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டது. அபாயகரமான வேலை நடக்கும் எல்லா இடத்திலும் குழு கட்டாயம் என்று சட்டத்திலேயே இருந்த பழைய நேரடித் தன்மை போய்விட்டது. அப்புறம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 ஆகிவிட்டது. பத்துப் பேர் இருந்தாலே முதலாளியின் பொதுவான கடமைகள் பொருந்தும் என்பது உண்மைதான். எச்சரிக்கும் உரிமையும் 14-வது பிரிவில் எல்லா ஊழியர்களுக்குமாக விரிந்திருக்கிறது, இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிரிவிலேயே குழு மூலம் முறையிடலாம் என்ற இடத்தில், 'குழு அமைக்கப்பட்டிருந்தால்' என்ற பொருளில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதினைந்து பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறைக்கு அந்த நிபந்தனை என்றைக்கும் நிறைவேறப் போவதில்லை.

சரி, குழு இருக்கும் பெரிய ஆலைகளில் என்ன நடக்கிறது? அங்கே பார்க்க வேண்டியது கூட்டத்தில் பேசியதைப் பதியும் மினிட்ஸ் நோட்டை. மாதா மாதம் ஒரே மாதிரி 'ஹெல்மெட் அணிய வலியுறுத்தப்பட்டது', 'வளாகத் தூய்மை பேணத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தால் அங்கே நிர்வாகம் பேசுகிறது, தொழிலாளர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அர்த்தம். யார் கிளப்பினார், எந்த மெஷின், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், போன மாதம் சொன்னது முடிந்ததா என்ற ஐந்தும் இருந்தால் குழு உயிரோடிருக்கிறது. கருத்து வேறுபாடு ஒன்றாவது பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஆண்டுகளாக எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியிருக்கும் நோட்டை நான் நம்ப மாட்டேன்.

குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அடுத்தது. ஹெச்.ஆர். கைகாட்டி உட்காரவைத்தவரும், கூட வேலை செய்பவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவரும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய ஓட்டை, ஆபத்தான வேலையைச் செய்பவர் பல நேரம் கம்பெனி ஆளே இல்லை என்பது. தொட்டிக்குள் இறங்குவது, உயரத்தில் வெல்டிங் வைப்பது, பாய்லர் பராமரிப்பு எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தலையில். குழுவிலோ நிரந்தரத் தொழிலாளர்கள். நம் ஆலைகளில் பிரஸ்ஸில் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், கூட்டம் தமிழில் நடக்கும். போபாலில் ஆங்கிலம் செய்ததை இங்கே நம் தமிழ் செய்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் கோபம் வரலாம், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

இவற்றில் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இடம் உண்டா என்ற இரண்டு ஓட்டைகளையும் அடைக்க முயன்ற ஓர் உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே ராபன்ஸ் பிரபு தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த அறிக்கை, ஆபத்தை உண்டாக்குபவர்களும் அதோடு வேலை செய்பவர்களும் சேர்ந்து கவனித்தால்தான் பாதுகாப்பு என்றது. (1966-ல் ஆபர்ஃபன் கிராமத்துப் பள்ளியின் மேல் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து 144 பேர் இறந்தபோது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவரும் இதே ராபன்ஸ்தான்.) அதிலிருந்து 1974 சட்டம் வந்தது, 1977 விதிகள் வந்தன. தொழிற்சங்கம் நியமிக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணியிடத்தை ஆய்வு செய்யலாம், சம்பளத்தோடு பயிற்சிக்குப் போகலாம்; இரண்டு பிரதிநிதிகள் எழுதிக் கேட்டால் மூன்று மாதத்துக்குள் குழு அமைத்தாக வேண்டும். சங்கம் இல்லாத இடங்களுக்கு 1996-ல் தனி விதிகள் வந்தன.

ஆனால் கடலில் இருக்கும் எண்ணெய் மேடைகள் 1977 விதிகளுக்கு வெளியே இருந்தன. 1988 ஜூலை 6 இரவு வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை, அது தெரியாமல் இரவு ஷிப்ட் ஆட்கள் ஓடவிட்டதில் தொடங்கிய விபத்து. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். அந்தக் காலத்தில் எண்ணெய் மேடைகளில் மூன்றெழுத்து ஒன்று எல்லோருக்கும் தெரியும்: என்.ஆர்.பி. 'இவர் திரும்பத் தேவையில்லை' என்று பெயருக்கு எதிரே எழுதிவிடுவார்கள், அடுத்த முறை ஹெலிகாப்டரில் அவருக்கு இடம் இருக்காது. பாதுகாப்பைப் பற்றி வாய்திறந்தால் என்.ஆர்.பி. விழும் என்ற பயம் இருந்த இடத்தில் எத்தனை பெட்டி வைத்து ஆலோசனை கேட்டாலும் என்ன வரும்?

1989-ல் கடல் மேடைகளுக்கென்று புது விதிகள் போட்டார்கள். மேடையைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் ரகசிய வாக்கெடுப்பில் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும். யார் கம்பெனியின் ஆள், யார் ஒப்பந்தக்காரரின் ஆள் என்ற பேச்சே இல்லை. அந்தத் தொகுதியில் வேலை செய்பவருக்கு ஓட்டு உண்டு. 1992-ல் அந்தப் பிரதிநிதிகளைப் பழிவாங்குவதற்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்தது. பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பை நான் முதலில் வைப்பேன். ஓட்டு, ஆய்வு, பயிற்சி எல்லாம் அதற்குப் பின்னால்தான். வேலை போகாது என்ற உறுதி இல்லாதவரிடம் கருத்துக் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலே வரும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயதுத் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்குமுன் ஆலையில் பாலியல் தொல்லை இருந்தது பெண்களுக்குத் தெரியும். வெளிநாட்டு பிராண்டுகள் அனுப்பும் தணிக்கையாளர்களும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தொடர்ந்து போராடியதன் விளைவாக 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆடை பிராண்டுகளில் ஹெச்&எம் சேர்ந்தது, பிறகு கேப்பும் பி.வி.ஹெச்சும் சேர்ந்தன. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தளத்திலேயே வேலை செய்யும் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே 180-க்கும் மேல் புகார்கள் வந்தன, பெரும்பாலானவை பேசித் தீர்க்கப்பட்டன.

புகார் எண்ணிக்கை கூடியதைப் பார்த்து ஆலை மோசமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு முன்பு பல ஆண்டுகளாகத் தணிக்கையில் பிரச்சினை எதுவும் பெரிதாகத் தெரியாத ஆலை அது. பக்கத்து மெஷினில் தைக்கும் அக்காவிடம் சொல்வதும், தணிக்கை நாளன்று கோட் போட்டு வரும் அந்நியரிடம், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, சொல்வதும் ஒன்றாகுமா?

கேட்காமலே போன எளிய விஷயத்துக்கு ஜவுளிக்கடைகளைச் சொல்லலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீக்கம், நரம்புச் சுருள், இடுப்பு வலி. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் திரண்டு போராடிய பிறகு கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் வந்தபின்னும் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்ற கடைகள் இல்லாமல் இல்லை.

மிச்சமிருப்பது, குழுவும் இல்லாத, சங்கமும் இல்லாத சின்ன இடங்கள். சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்குப் போய், பீஸ் ரேட்டில் வேலை ஓடும் இடத்தில் அந்த விதிகள் மீறப்படுவதை முதலில் பார்ப்பவர் மருந்து செலுத்தும் தொழிலாளிதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்த பிறகும் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. அந்தத் தொழிலாளி யாரிடம் சொல்வார்? உள்குத்தகைக்காரரிடம் சொன்னால் நாளைக்கு வேலை இல்லை.

ஸ்வீடனில் இதற்காகவே வட்டாரப் பாதுகாப்புப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். தொழிற்சங்கம் நியமிக்கும்; தனியாகக் குழு வைக்க முடியாத சின்னப் பணியிடங்களுக்கு அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். அங்கே வேலை செய்பவர் இவரிடம் சொன்னால் போதும், பேசுவது இவர் பொறுப்பு. இவருடைய சம்பளம் அந்தப் பட்டறை முதலாளி கையில் இல்லை.

இங்கே அப்படி ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டியதுகூட இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் இயங்குகின்றன. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று முத்தரப்பும் உட்காரும் அமைப்பு அது. இன்றைக்கு அந்த வாரியங்களின் வேலை பெரும்பாலும் பதிவு, கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம். வாரியம் நியமிக்கும் சிலருக்குப் பட்டறைக்குள் நுழையவும், மெஷினைப் பார்க்கவும், அங்கிருப்பவரிடம் தனியாகப் பேசவும், ஆய்வாளருக்கு எழுதவும் அதிகாரம் கொடுக்க ஒரு திருத்தம் வேண்டும். புதிய தொகுப்புச் சட்டத்தின் கீழ் மாநிலம் போடும் விதிகளில் அதற்கு இடம் தேடலாம். விபத்துக்குப் பின் கொடுக்கும் நிவாரணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும்.